புள்ளிக் கணக்கில் இல்லாத உறவுகள்

செட்டிநாட்டில் தம் முன்னோரைத் தேடப் புறப்படுகிறவர் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. நகரத்தார்களாகிய (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களாகிய) எங்களுக்கு இளையாற்றங்குடி, மாத்தூர், வயிரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்கள் உண்டு. ஒவ்வொரு குடும்பமும் இவற்றுள் ஒன்றைச் சேர்ந்தது. கல்யாணம் ஆனவுடன் கணவனும் மனைவியுமாகக் கோயில் கணக்கில் ஒரு புள்ளி எழுதப்படும். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கோயிலிலிருந்து மாலை வந்தால்தான் அந்தக் கல்யாணம் ஊரறிந்த கல்யாணம் ஆகும். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள் என்பதால் பொதுவாகப் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை. இளையாற்றங்குடி, மாத்தூர் போன்ற கோயில்களுக்கு உட்பிரிவுகள் உண்டு என்பதால் அங்கே கணக்கு சற்று வேறு. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் சகோதரக் கோயில்கள் ஆகையால் இரண்டுக்கும் இடையில் சம்பந்தம் செய்வதில்லை.

இதற்கு மேல் இசைகுடிமானம் இருக்கிறது. கல்யாணத்தின்போது எழுதப்படும் அந்த ஒப்பந்தத்தில் மாப்பிள்ளை, பெண் இருவருடைய தகப்பனார், பாட்டனார் பெயர்களும் ஊரும் கோயிலும் இடம்பெறும். மொய் ஏடுகளும் சீர் எழுதிய பட்டியல்களும் வீட்டுக்கு வீடு பெட்டிகளில் கிடக்கின்றன. மூத்த பேரனுக்கு ஐயாவின் (தாத்தாவின்) பெயரையே இடுவது வழக்கம் ஆகையால் ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை திரும்பத் திரும்ப வரும். எந்தப் பெயர்க்காரர் எந்தத் தலைமுறை என்று பிரித்தறிய விலாசத்து எழுத்துகளே துணை. ஐயா, பாட்டனார் என்று முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்த அந்த விலாசம் கடைக்கும் குடும்பத்துக்கும் பொதுவான அடையாளமாக இரங்கூன் வரை போயிற்று. இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது படைப்பை. பொது முன்னோர் ஒருவருக்குப் படைக்கும் நாளில் அந்தப் படைப்பு வீட்டில் யார் யார் கூடுகிறார்கள் என்று பார்த்தாலே அவர் வழிவந்தவர் யார் என்பது தெரிந்துவிடும்.

இவ்வளவு ஏற்பாடு உள்ள ஒரு சமூகத்தில் டிஎன்ஏ சோதனைக்கு என்ன வேலை என்று அப்பச்சி (என் தகப்பனார்) முதலில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் ஏடுகள் ஆண்வழியை மறக்காமல் வைத்திருக்கின்றன. பெண்வழியும், பிள்ளை கூட்டிக்கொண்ட (சுவீகாரம் எடுத்த) வீடுகளில் பிள்ளை வந்தவருடைய பிறந்த வீட்டுக் கிளையும், கொண்டுவிக்க, அதாவது வெளிநாட்டில் தொழில் செய்ய, போன இடத்தில் பிறந்த குழந்தைகளும் அந்த ஏடுகளில் மங்கலாகவோ, முற்றிலும் இல்லாமலோ இருக்கின்றனர். அவர்களைத் தேடித்தான் நான் இந்த வேலையில் இறங்கினேன்.

இணையத்தில் உள்ள ஆவணங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குடும்ப வரலாறு தேடுவோர் பயன்படுத்தும் பெரிய தளங்கள் பலவும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய தேவாலயப் பதிவுகளை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்தவை. பிரித்தானிய நூலகத்தில் உள்ள இந்திய அலுவலக ஆவணங்களிலும் அந்த வகைப் பதிவுகளே குடும்பத் தேடலுக்கு மிகுதியாகப் பயன்படுகின்றன. ஞானஸ்நானமும் கல்லறையும் இல்லாத எங்களைப் போன்றோர் அங்கே பெயரைத் தட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். எங்கள் முன்னோரின் தடம் கோர்ட்டிலும் செய்தித்தாளிலும் கடன் பத்திரத்திலும்தான் விழுந்திருக்கிறது, ஏனென்றால் கொடுக்கல் வாங்கலே அவர்கள் தொழில்.

அந்த வகையில் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் செய்தித்தாள் காப்பகத்தை நான் மனமாரப் பாராட்டுவேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலப் பத்திரிகைகள் முதல் தமிழ் முரசு வரை அங்கே இலவசமாகத் தேடலாம். ஆளின் பெயரைக் கொடுத்தால் ஒரே பெயரில் பலர் வருவார்கள். விலாசத்தின் எழுத்துகளை ஆங்கிலத்தில் கொடுத்தால் வழக்குச் செய்தியும், ஏஜெண்டு மாறிய அறிவிப்பும், பங்கு பிரிந்த அறிவிப்பும் கிடைக்கும். எழுத்துகளை முதலெழுத்தாக மட்டும் தேடாமல், ஆனா, மூனா, லேனா என்று நாம் சொல்லும் ஒலிப்படியும் தேடிப் பார்க்க வேண்டும். செட்டி, செட்டியார், சிட்டி என்று அக்கால எழுத்துக்கூட்டல் பலவாறாக இருப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மேல்முறையீட்டுத் தீர்ப்புகள் இன்னும் செறிவானவை. இலங்கை அட்டர்னி ஜெனரலுக்கும் அருணாசலம் செட்டியார் குடும்பத்துக்கும் இடையிலான மரண வரி வழக்கில் 1957இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமாகிய பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பைப் படித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மகன் 1934இலும் தகப்பனார் 1938இலும் இறந்த பிறகு, பிள்ளை கூட்டிக்கொள்ளும் உரிமையுள்ள விதவைப் பெண்கள் இருக்கும்வரை கூட்டுக்குடும்பம் தொடர்கிறதா என்பதே அங்கே எழுந்த கேள்வி. தொடர்கிறது என்று தீர்ப்பாயிற்று. யார் யாருக்கு மகன், யார் விதவை, பிள்ளை வந்தவர் யார் என்பதெல்லாம் ஒரு வரித் தகராற்றில் இவ்வளவு தெளிவாகப் பதிவாகும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டோம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுவதும் புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகைகளையும் நாடக நோட்டீசுகளையும் கூடச் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பிலிருந்துதான் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. அவர் கழிவுத்தாள் என்று எதையும் தள்ளவில்லை. இன்றோ வளவு வீடுகளை இடிக்கும்போது தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு விலைக்குப் போகின்றன. பெட்டியில் இருக்கும் ஏடுகளும் கடிதக்கட்டுகளும் எடைக்குப் போகின்றன. ஒரு தூணை எங்கும் வாங்கலாம், ஒரு மொய் ஏட்டை வாங்க முடியாது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதை நான் மறைக்க விரும்பவில்லை.

இனி சோதனைக்கு வருகிறேன். மூன்று வகை உண்டு. ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் போகும். ஆனால் மகள் வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குத் தொடரும். மற்ற இருபத்திரண்டு இணைக் குரோமோசோம்கள் இரு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதியாக, தலைமுறைதோறும் கலைந்து கலைந்து வரும். நிறுவனங்கள் பெரிதாக விளம்பரம் செய்யும் இனக்கலப்பு விழுக்காடு இந்த மூன்றாவது வகையிலிருந்து கணக்கிடப்படுவது. எங்களுக்கு அது தென்னிந்தியர் என்று சொல்லும். அதற்காக யாரும் பணம் செலவழிக்க வேண்டாம்.

ஒய் குரோமோசோம் போகும் வழியும் கோயில் போகும் வழியும் ஒன்றே என்பது என்னை மிகவும் ஈர்த்தது. தகப்பன் எந்தக் கோயிலோ மகனும் அந்தக் கோயில். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்த வரலாறாக எங்கள் பெரியவர்கள் சொல்வதும் இதையொட்டியே இருக்கிறது. சோழ மன்னனின் கொடுமையால் குலமே அழிந்தபோது ஆத்மநாத சாஸ்திரியிடம் ஒப்படைக்கப்பட்ட 1502 ஆண்பிள்ளைகள் மட்டுமே எஞ்சினர் என்றும், அவர்கள் வேளாளர் குலப் பெண்களை மணந்து பின்னர் பாண்டி நாட்டுக்கு வந்தனர் என்றும் அந்த மரபு கூறுகிறது. அப்படியானால் ஆண்வழி ஒரு கூட்டத்திலிருந்தும் பெண்வழி வேறு கூட்டங்களிலிருந்தும் வந்திருக்க வேண்டும். மரபணுவைக் கொண்டு கேட்கத் தகுந்த கேள்வி இது. ஓரிரு வீடுகளின் சோதனையை வைத்து விடை சொல்லத் தகாத கேள்வியும் கூட.

பெண்ணாகிய எனக்கு ஒய் குரோமோசோம் இல்லாததால் சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனைக் கேட்டேன். எல்லா நிறுவனங்களும் இந்தியாவுக்குச் சோதனைப் பெட்டி அனுப்புவதில்லை என்பதால் அண்ணன் அங்கிருப்பது இன்னொரு வகையிலும் உதவியாயிற்று. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து அனுப்புவதுதான் வேலை. எங்கள் பிறந்த வீடு மாத்தூர்க் கோயில். அப்பச்சியின் ஐயா இந்த வீட்டுக்குப் பிள்ளை வந்தவர். தேவகோட்டைப் பக்கத்தில் அதே கோயிலைச் சேர்ந்த ஒரு வீட்டில் பிறந்து, ஆண்பிள்ளை இல்லாத எங்கள் வீட்டுக்குச் சிறுவயதில் வந்தார். பிள்ளை கூட்டுவது கோயிலுக்குள்ளேயே நடப்பதால் காகிதத்தில் வீடு மாறினாலும் கோயில் மாறுவதில்லை. விலாசம் மட்டும் மாறும். அவருடைய பிறந்த வீட்டில் இன்று இருக்கும், எனக்குப் பெரியப்பச்சி முறையாகும் ஒருவர் சோதனைக்கு இசைந்தார். அவருக்கும் அண்ணனுக்கும் ஒய் குரோமோசோமில் ஒப்பிட்ட 37 மரபணுக் குறிகளும் ஒத்திருந்தன. வாய்மொழியாகக் கேட்டுவந்த செய்தி அப்படியே உறுதியாயிற்று.

அதே மாத்தூர்க் கோயிலில் வேறொரு உட்பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவருடைய ஒய் வரிசை எங்களோடு ஒத்துவரவில்லை. அவர் வேறொரு பெருங்கிளையையே சேர்ந்தவர். இதைக் கேட்ட சிலர், அப்படியானால் பங்காளி என்பது பொய்யா என்றனர். பொய்யில்லை என்பதே என் துணிபு. ஒரு கோயிலின் கீழ் பல குடிகள் சேர்ந்து, ஒருவரையொருவர் பங்காளி என்று ஏற்றுக்கொண்டு, அந்த ஏற்புக்காகவே தங்களுக்குள் சம்பந்தம் செய்யாமல் நூற்றாண்டுகளாக ஒழுகி வந்திருக்கலாம். அந்த ஒழுக்கம் இரத்தத்தைக் காட்டிலும் தாழ்ந்ததன்று. மேலும் ஒய் பெருங்கிளை எதுவும் ஒரு சாதிக்கு உரிய முத்திரை அன்று. தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படும் எச், எல், ஜே2, ஆர்1ஏ போன்ற கிளைகள் பல சமூகங்களிலும் விரவிக் கிடக்கின்றன. இந்தியாவில் இருபெரும் மூதாதைக் கூட்டங்கள் ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை பரவலாகக் கலந்தன என்றும், அதன் பிறகே அகமணம் (தம் குழுவுக்குள்ளேயே மணப்பது) இறுகியது என்றும் 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு குலத்தூய்மை பேசுகிறவர்கள் அதை மட்டுமாவது படிக்க வேண்டும்.

எங்களைப் போல ஒரு வட்டத்துக்குள்ளேயே கொண்டு கொடுத்த சமூகத்தில், உறவுப் பொருத்தப் பட்டியலைப் படிப்பது தனிப் பயிற்சி. அயித்தை மகனையோ அம்மான் மகளையோ கட்டிக்கொண்ட பெற்றோருக்குப் பிறந்தவருக்கு எட்டுக் கொள்ளுப்பாட்டன் கொள்ளுப்பாட்டிகள் இருக்க வேண்டிய தலைமுறையில் ஆறு பேரே இருப்பார்கள். தலைமுறைதோறும் இப்படி நடந்தால், தூரத்து உறவினர் ஒருவரோடு பல வழிகளில் சிறிது சிறிதாக மரபணு ஒத்துப்போகும். நிறுவனத்தின் கணிப்பொறி அவற்றையெல்லாம் கூட்டி அவரை நெருங்கிய உறவு என்று காட்டிவிடும். ஆகவே மொத்த சென்டிமார்கனை (ஒத்திருக்கும் மரபணு நீளத்தின் அலகு) பார்க்காமல், ஒரே துண்டாக நீளமாக ஒத்திருப்பது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நெருங்கிய உறவு நீண்ட துண்டாக வரும். பழைய உறவு பொடிப்பொடியாக வரும். 10, 12 சென்டிமார்கன் துண்டுகள் பல சேர்ந்த பொருத்தத்தை நான் ஒதுக்கி வைத்துவிடுகிறேன்.

அந்தப் பட்டியலில்தான் இங்கிலாந்தில் வாழும் ஓர் அம்மையார் வந்தார். எனக்கும் அவருக்கும் 209 சென்டிமார்கன் பொருத்தம். மிக நீண்ட துண்டு 47. அவருடைய மரபணுவில் கால்பங்கு அளவே தென்னிந்தியம். அவருடைய தாயார் இரங்கூனில், பர்மியப் பெண் ஒருவருக்கும் செட்டியார் ஒருவருக்கும் பிறந்தவர். 1960களில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குக் குடியேறினார். அந்தத் தாயாருடைய தகப்பனார் பெயர் வீட்டில் சொல்லப்பட்டதில்லை. கையில் இருந்தது ஒரு புகைப்படம். அதன் பின்புறத்தில் ஆங்கிலத்தில் சில எழுத்துகள். அவை எங்கள் விலாசத்தின் எழுத்துகள்.

அக்காலத்துப் பர்மாவைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1929–30இல் பர்மாவில் நடந்த வங்கி விசாரணைக் குழு, அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகக் கணக்கிட்டது. இரங்கூனின் மொகல் தெருவில் கிட்டங்கிகள் (பல கடைகள் சேர்ந்திருந்த கட்டடங்கள்) வரிசையாக இருந்தன. ஏஜெண்டுகளும் அடுத்தாள்களும் (அவர்களுடைய உதவியாளர்களும்) பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு மூன்று ஆண்டுக் கணக்குக்குப் போய்வந்தார்கள். 1941 டிசம்பர் 23 அன்று இரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தபின் கப்பல் கிடைத்தவர் கப்பலிலும் கிடைக்காதவர் கால்நடையாகவும் திரும்பினார்கள். திரும்பியவர்களின் துன்பம் எங்கள் வீடுகளில் இன்றும் பேசப்படுகிறது. அங்கேயே விடப்பட்டவர்கள் பேசப்படுவதில்லை.

விலாசம் மட்டும் ஆதாரமாகாது. ஒரே கடையில் பலர் வேலை பார்த்திருப்பார்கள். அந்த அம்மையாருடைய ஐயா, அப்பச்சியின் ஐயாவாகவே இருக்கலாம். பிறந்த வீட்டில் அவருடைய தம்பியாகவும் இருக்கலாம், ஏனென்றால் அவரும் பர்மாவில் இருந்தவர். இங்கேதான் பெரியவர்கள் சோதனைக்கு இசைந்ததன் அருமை தெரிந்தது. முதல் நிலை உண்மையானால் அப்பச்சிக்கும் அந்த அம்மையாருக்கும் ஐயா ஒருவரே, பாட்டிகள் வேறு. அத்தகைய உறவில் சராசரியாக 450 சென்டிமார்கன் அளவு ஒத்திருக்கும். இரண்டாம் நிலையானால் ஏறத்தாழ அதில் பாதி. அப்பச்சிக்கு 438 வந்தது. பிறந்த வீட்டுப் பெரியப்பச்சிக்கு 187 வந்தது. தம்பிதான் அந்த ஐயா என்றால் இந்த இரண்டு எண்களும் இடம் மாறி வந்திருக்க வேண்டும், ஏனென்றால் பெரியப்பச்சி அந்தத் தம்பியின் பேரன். ஓர் எண்ணை மட்டும் கொண்டு முடிவு செய்ய முடியாது, ஒவ்வோர் உறவுக்கும் எண்ணிக்கை பரந்த எல்லைக்குள் ஏறி இறங்கும். ஆனால் இரண்டு எண்களும் புகைப்படத்தின் விலாசமும் ஒரே பக்கம் சாய்ந்தன.

அப்பச்சி முடிவைக் கேட்டுவிட்டு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்ப அது எனக்கு அயித்தை மக" என்றார்கள். அந்த ஒரு சொல்லில் உறவுமுறை முழுவதும் ஒழுங்காகிவிட்டது; அந்த அம்மையார் எனக்குப் பெரியம்மா முறை. புள்ளியில் இல்லாதவரை உறவு என்று எப்படிச் சொல்வது என்று பங்காளிகளுள் ஒருவர் கேட்டார். பெண்வழி உறவு எதுவும் பிறந்த கோயிலின் புள்ளியில் தொடர்வதில்லையே, எங்கள் சொந்த அயித்தைமார் பிள்ளைகளை அதனால் விலக்கிவிட்டோமா என்று நான் திருப்பிக் கேட்டேன். அப்பச்சியின் அப்பத்தா இன்று இருந்திருந்தால் இந்தச் செய்தியை எப்படித் தாங்கியிருப்பார்கள் என்பதும், அந்தப் பர்மியப் பெண்மணி 1942க்குப் பின் எப்படிப் பிழைத்தார் என்பதும் என் மனத்தை வெகுவாக வருத்துகின்றன. இரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

இதனால்தான், விளையாட்டாக இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள் என்று இளையவர்களிடம் சொல்கிறேன். ஒருவர் தரும் மரபணு அவருடையது மட்டுமன்று. கேட்கப்படாத உடன்பிறந்தார், பிள்ளைகள், பங்காளிகள் எல்லோருடையதும் அதில் கலந்திருக்கிறது. வீட்டில் மூத்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, எதிர்பாராத உறவு வெளிப்பட்டால் என்ன செய்வது என்றும் பேசிக்கொள்ள வேண்டும். டுவென்டி திரீ அண்ட் மீ நிறுவனத்தில் 2023இல் நடந்த தகவல் திருட்டு சுமார் 69 லட்சம் பேரைப் பாதித்தது. அந்த நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கோரியது. முடிவுகளைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, தேவையில்லாதபோது கணக்கையும் மாதிரியையும் அழிக்கச் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்றும் உண்டு. ஹைதராபாத் சிசிஎம்பி (உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம்) விஞ்ஞானிகள் பங்கெடுத்து 2017இல் வெளியான ஆய்வு, தெற்காசியாவின் பல அகமணக் குழுக்களில் அரிய பரம்பரை நோய்களுக்கான வாய்ப்பு கூடுதலாக இருப்பதைக் காட்டியது; ஆந்திரப் பகுதி வைசியர்களிடம் மயக்க மருந்தோடு தரப்படும் சிலவகைத் தசைத் தளர்வு மருந்துகளை உடல் முறிக்க இயலாத குறைபாடு மிகுந்திருப்பது அதில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டது. வட்டத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் நாங்களும் பெருமைக்காகச் செலவழிப்பதில் ஒரு பகுதியைத் திருமணத்துக்கு முந்தைய மரபணு ஆலோசனைக்குச் செலவழிக்கலாம். அதை ஒரு மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வேண்டும். உறவு தேடும் பெட்டியைக் கொண்டு செய்யலாகாது.

இப்போது நான் தாய்வழியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். என் மைட்டோகாண்ட்ரியா எம் என்ற பெருங்கிளையில் ஓர் உட்கிளை. இந்தியாவில் மிகப் பரவலான கிளை அது. அதற்கு மேல் சோதனை பெயர் சொல்லாது, பெயரை ஏட்டில்தான் தேட வேண்டும். அம்மா, ஆயா (அம்மாவின் தாயார்), ஆயாவின் தாயார் என்று மூவர் வரை எனக்குத் தெரியும். ஒவ்வொரு பெண்ணும் கல்யாணத்தோடு வேறு கோயிலுக்கும் வேறு ஊருக்கும் மாறிவிடுவதால், இந்த ஒரே வழியைத் தொடர இலுப்பைக்குடி, நேமம், வயிரவன்பட்டி என மூன்று கோயில்களின் குடும்பங்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. இசைகுடிமானத்தில் பெண்ணின் தகப்பனார் பெயர் இருக்கும் இடத்தில் தாயார் பெயர் இல்லை. ஆனால் மொய் ஏட்டிலும் சீர்ப் பட்டியலிலும் பெண்கள் இருக்கிறார்கள், ஏனென்றால் வெள்ளிச் சாமானும் பணமும் யார் கையால் வந்தன என்று எழுதியாக வேண்டும். கண்டனூரில் இருக்கும் ஆயாவின் தங்கைக்கு அந்த வரிசையில் நான்காவது பெண்ணின் பெயர் நினைவிருக்கிறது. அவர் சொன்னதை அவர் குரலிலேயே பதிவு செய்துவிட்டேன். அந்த நான்காவது பெண் பிறந்த புதுவயல் வீடு பூட்டிக் கிடக்கிறது. சென்னையில் இருக்கும் அதன் உரிமையாளர்கள் தைப்பொங்கலுக்கு வரும்போது இரண்டாம் கட்டு அறையைத் திறந்து ஏட்டுப் பெட்டியைப் பார்க்கத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.